மக்காச்சோளப் புழுவுக்குப் பூர்வீகம் எது?

ஹெப்பாளிலும் ஹெசரகட்டாவிலும் நடந்த ஒரு விசாரணை

பெங்களூர் பல்லாரி சாலையில், ஹெப்பாள் வழியாக நாள்தோறும் பஸ்ஸில் போய்வரும் நம்மவர்கள் எத்தனையோ பேர். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்கள், கடையில் நிற்பவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். அந்தச் சாலையில் பூச்சிகளுக்கென்றே ஒரு மத்திய அரசு நிறுவனம் இருப்பதை அவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? ‘தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம்’ என்பது அதன் பெயர். பூச்சிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அதுவும் ஊரில் இருக்கிற தாய் தகப்பனின் வயிற்றோடு சம்பந்தப்பட்டது!

2018-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் நினைவிருக்கிறதா? பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்து இங்கே வந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு மறந்திருக்காது. புரட்டாசி மழையை நம்பி மானாவாரியில் மக்காச்சோளம் விதைத்திருந்தார்கள். பயிர் முழங்கால் உயரம் வருவதற்குள் புழு குருத்தில் புகுந்துவிட்டது. இலையெல்லாம் சல்லடைக் கண். குருத்துக்குள் மரத்தூள் கொட்டினாற்போல் புழுவின் எச்சம். கடைக்காரர் கொடுத்த மருந்தை ஒரு முறைக்கு இரு முறை அடித்தும் புழு சாகவில்லை. இங்கே மிச்சம் பிடித்து மணியார்டர் போல மாதாமாதம் அனுப்பிய பணம், அங்கே மருந்துக் கடைக்குப் போயிற்று. 2019-இல் தமிழக அரசு மக்காச்சோள விவசாயிகளுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்குச் சேதம் பெரிதாக இருந்தது.

அது என்ன புழு? எங்கிருந்து வந்தது? அடுத்து நெல்லையும் தின்னுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிய வேலையில் ஒரு பெரும் பங்கு, நாம் குடியிருக்கும் இந்தக் கர்நாடக மாநிலத்திலேயே நடந்தது.

ஒரே முகம், பல பெயர்

புழு என்பது குழந்தைப் பருவம்தான். அது மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, பிறகு இறகு முளைத்து அந்துப்பூச்சியாக வெளியே வரும். ராமநகரம் சந்தையில் விலை போகும் பட்டுக்கூடும் ஓர் அந்துப்பூச்சியின் புழு கட்டியதே. நமக்குச் சோறு போடும் அந்துப்பூச்சியும் உண்டு, சோற்றைப் பறிக்கும் அந்துப்பூச்சியும் உண்டு.

பறிக்கிற கூட்டத்தில் ‘ஸ்போடாப்டிரா’ என்று ஓர் இனம் இருக்கிறது. அதில் மூன்று பேர் நம் விவசாயிகளுக்கு வெகுகாலமாகப் பழக்கம். புகையிலை, நிலக்கடலை, ஆமணக்கு என்று வேறுபாடில்லாமல் மேயும் புகையிலை வெட்டுப்புழு ஒன்று. இதை ‘புரோடீனியா’ என்றும் சொல்வார்கள். வெங்காயத் தாளைக் குடையும் பச்சை வெட்டுப்புழு மற்றொன்று. நெல் நாற்றங்காலில் கூட்டமாக இறங்கி மேயும் படைப்புழு மூன்றாவது. எல்லாம் சாம்பலும் பழுப்புமான சின்னஞ்சிறு பூச்சிகள். இரவில் விளக்கைச் சுற்றி வரும்போது இன்னது என்று பிரித்துச் சொல்வது லேசல்ல. இளம் புழுக்களோ, ஒரே பிரசவத்துப் பிள்ளைகள் போல இருக்கும்.

பழைய காலத்து ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆண் பூச்சியின் வயிற்றுப் பகுதியை அறுத்து, இனவிருத்தி உறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். பூட்டுக்கேற்ற சாவி போல, இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும். இந்த முறைக்கு நல்ல நிலையில் உள்ள முழு வளர்ச்சி பெற்ற பூச்சி வேண்டும். பல வருஷம் பழகிய கையும் கண்ணும் வேண்டும். வயலில் அகப்படுவதோ அரை அங்குலப் புழு. அது பூச்சியாகிப் பறக்கும் வரை காத்திருந்தால், பயிர் காத்திருக்குமா?

பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது, நசுக்கினால் போதாதா என்று நினைக்கலாம். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண் பூச்சியைப் பிடிக்க வயலில் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் பெண் பூச்சியின் வாசனையைச் செயற்கையாகச் செய்து வைப்பார்கள். அந்த வாசனை இனத்துக்கு இனம் வேறு. புகையிலை வெட்டுப்புழுவுக்கான பொறியை வைத்துவிட்டுப் புதுப் புழுவின் பூச்சி வந்து விழும் என்று காத்திருப்பது, சேலம் பஸ்ஸுக்கு மைசூர் பஸ் நிறுத்தத்தில் நிற்பது போலத்தான். எந்த மருந்துக்கு அடங்கும், எந்த ஒட்டுண்ணிக் குளவி அதைத் தாக்கும், ஒரு தலைமுறைக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் பெயரைக் கொண்டே தெரிய வரும்.

சிவமொக்கா வயலில் ஒரு சந்தேகம்

2018 மே மாதம் சிவமொக்கா வேளாண்மை, தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் விஞ்ஞானிகள் மக்காச்சோள வயல்களில் ஒரு புழுவைப் பார்த்தார்கள். அதன் நெற்றியில் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைத் தலைகீழாகப் போட்டாற்போல் வெளிறிய கோடு. வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். நம் நாட்டுப் பழைய மூவருக்கும் இப்படி ஓர் அடையாளம் இல்லை.

இந்த அடையாளம் உள்ள ஒருவனை அமெரிக்கக் கண்டம் நெடுநாளாக அறியும். ஜார்ஜியா பகுதியில் கிடைத்த பூச்சியை வைத்து 1797-இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய இயற்கை நூலறிஞர் அதை முதன்முதலில் விவரித்தார். இன்று அதன் முழுப் பெயர் ஸ்போடாப்டிரா ஃபுரூஜிபெர்டா. 350-க்கும் மேற்பட்ட செடி வகைகளில் அதைக் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் மக்காச்சோளத்தின் மேல்தான் அதற்குத் தனிப் பிரியம். 2016-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தலைகாட்டியது. இரண்டே ஆண்டில் சகாராவுக்குத் தெற்கே பெரும்பாலான நாடுகளில் பரவிவிட்டது. அங்கே மக்காச்சோளம்தான் ஏழைகளின் அன்றாட உணவு.

அந்தப் புழுவா இந்தியாவுக்கும் வந்துவிட்டது? சந்தேகத்தை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. ஒரு நாட்டில் புதிய அந்நியப் பூச்சி நுழைந்துவிட்டது என்று அறிவிப்பது பெரிய காரியம். அரசு நடவடிக்கை, தானிய வியாபாரம், மருந்துச் சிபாரிசு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தொங்குகின்றன. மறுக்க முடியாத சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிதான் மரபணு.

காலில் எழுதிய மேல்விலாசம்

உயிருள்ள ஒவ்வொன்றின் உடலிலும் டி.என்.ஏ. என்ற நூலிழை இருக்கிறது. அதில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துக்கள் மாறி மாறி வரிசையாக வருகின்றன. அப்பனிடமிருந்தும் ஆத்தாளிடமிருந்தும் பிள்ளைக்கு வருகிற ஜாடை, நிறம், குணம் எல்லாம் இந்த எழுத்து வரிசையில் அடக்கம். பூச்சியின் ஒரு காலைக் கிள்ளி எடுத்தால் போதும், அதிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்துப் படித்துவிடலாம். புழுவாக இருந்தாலும் சரி, முட்டையாக இருந்தாலும் சரி, எழுத்து மாறாது.

முழு இழையையும் படிக்க வேண்டியதில்லை. கனடா நாட்டு குவெல்ஃப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பால் ஹெபெர்ட் 2003-இல் ஒரு யோசனை சொன்னார். எல்லா விலங்குகளிலும் உள்ள ஒரே ஒரு மரபணுவில், சுமார் 650 எழுத்துள்ள ஒரு துண்டை மட்டும் படித்தால் போதும். நெருங்கிய இனங்களையும் அநேகமாகப் பிரித்துவிடலாம் என்றார். கடையில் சாமான் மேல் கோடு கோடாக ஒட்டியிருக்கும் பார்கோடு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இதைச் சோதித்துக் காட்டியதும் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி வகையில்தான். நெருங்கிய உறவுள்ள 200 இனங்களை எடுத்துப் பார்த்தார்; அத்தனையும் பிரிந்து வந்தன.

ஹெப்பாள் பணியகத்தில் அந்த 650 எழுத்தைத்தான் படித்தார்கள். உலகெங்கும் சேர்த்து வைத்திருக்கும் எழுத்து வரிசைகளோடு ஒப்பிட்டார்கள். புகையிலை வெட்டுப்புழுவோடு பொருந்தவில்லை. அமெரிக்கக்காரனோடு பொருந்தியது. ஐயம் நீங்கியது. 2018 ஜூலையிலேயே எச்சரிக்கை அறிக்கை வெளியாயிற்று. அதற்குள் பூச்சி கர்நாடகத்தில் பல மாவட்டங்களைத் தாண்டியிருந்தது. காற்று ஒத்துழைத்தால் ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்கக் கூடிய பூச்சி அல்லவா! அதே ஆண்டில் தமிழ்நாட்டிலும் இறங்கிவிட்டது. கன்னட விவசாயிகள் அதை ‘சைனிக ஹுளு’ என்றார்கள். நம்மவர்கள் ‘அமெரிக்கன் படைப்புழு’ என்றார்கள். நெல்லில் ஏற்கெனவே ஒரு படைப்புழு இருக்க, மக்காச்சோளத்துக்கு வந்தவனுக்கும் அதே பெயர் வாய்த்ததில் கிராமங்களில் குழப்பம் இன்னும் கூடியது.

இனம் ஒன்றா, இரண்டா?

விசாரணை இத்தோடு முடிந்திருந்தால் கதையும் முடிந்திருக்கும். ஆனால் இந்தப் பூச்சியின் வீட்டுக்குள்ளேயே ஒரு வழக்கு இருக்கிறது.

அமெரிக்காவில் இதை ஆராய்ந்த டோரதி பாஷ்லி என்ற பெண் விஞ்ஞானி, 1986-இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார். வெளித்தோற்றத்தில் அணுவளவும் வேறுபாடு இல்லாத இந்தப் பூச்சிகளுக்குள் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று மக்காச்சோளம், சோளம், பருத்தியை நாடும் ‘மக்காச்சோள வகை’. மற்றொன்று நெல்லையும் புல்லையும் நாடும் ‘நெல் வகை’. மக்காச்சோள வகை முன்னிரவில் ஜோடி சேரும். நெல் வகை விடியலை நெருங்கும்போது ஜோடி சேரும். ஒரே தெருவில் குடியிருந்தும் ஷிப்டு வேறு என்பதால் ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு தொழிலாளிகளைப் போல! ஆயினும் சில சமயம் கலப்பும் நடக்கிறது. ஆகவே இது ஓர் இனத்தின் இரு கிளைகளா, இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் இரு இனங்களா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

நமக்கு இது வெறும் ஏட்டு வாதம் அல்ல. இந்தியாவுக்குள் வந்தது எந்த வகை? நெல் வகையாக இருந்தால் காவிரிப் பாசனத்து நெல் என்னாவது? தஞ்சாவூர், திருவாரூர்க்காரர்களும் கவலைப்பட வேண்டிய கேள்வி இது.

பாட்டியின் மூக்குத்தி

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்களில் பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் உண்டு. சிவமொக்கா விஞ்ஞானிகளும் உண்டு. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ராட்னி நகோஷியோடு சேர்ந்து அவர்கள் தங்கள் முடிவை 2019-இல் வெளியிட்டார்கள்.

முதல் சாட்சியாக விசாரிக்கப்பட்டது, பார்கோடு துண்டு உள்ள அதே மரபணு. இந்தியப் பூச்சிகளில் பெரும்பாலானவை ‘நெல் வகை’ என்று அது சாட்சி சொன்னது! இதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் டெல்டா முழுவதும் பீதி பரவியிருக்கும்.

ஆனால் அந்த மரபணு இருக்கும் இடம் கொஞ்சம் விசேஷமானது. உயிரணுவின் மையக் கருவில் அது இல்லை. மைட்டோகாண்டிரியா என்ற தனிச் சிற்றறையில் இருக்கிறது. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவன் அதைத் தன் பிள்ளைகளுக்குத் தர முடியாது. மகள்தான் தருவாள். நம் வீடுகளில் பாட்டியின் மூக்குத்தி அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகிறதல்லவா, அப்படி. தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தி பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டாள். அவள் மகளும் பேத்தியும் பெரம்பலூரிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டார்கள். நான்கு தலைமுறைக்குப் பிறகு பேச்சு, சமையல், நிலம், வழக்கம் எல்லாம் பெரம்பலூர். மூக்குத்தி மட்டும் தஞ்சாவூர்! மூக்குத்தியைப் பார்த்து ஊரைச் சொன்னால் சரியாக இருக்குமா?

ஆகவே இரண்டாவது சாட்சியை அழைத்தார்கள். அது டி.பி.ஐ. என்ற மரபணு. இது கருவுக்குள், பால் நிர்ணயிக்கும் குரோமோசோமில் இருக்கிறது. மனிதர்களில் ஆணுக்குத்தான் இரு வேறு பால் குரோமோசோம்கள். அந்துப்பூச்சியிலோ தலைகீழ், பெண்ணுக்குத்தான் இரு வேறு. அதனால் பெண் பூச்சிக்கு இந்த மரபணு தகப்பனிடமிருந்தே வருகிறது. இந்தச் சாட்சி தெளிவாகச் சொன்னது: இவை ‘மக்காச்சோள வகை’.

இரண்டு சாட்சிகளையும் சேர்த்துப் பார்த்தபோது உண்மை விளங்கியது. எப்போதோ நெல் வகைத் தாய்க்கும் மக்காச்சோள வகைத் தகப்பனுக்கும் கலப்பு நடந்திருக்கிறது. பின்னர் தலைமுறை தலைமுறையாக மக்காச்சோள வகையோடே சம்பந்தம். மூக்குத்தி மட்டும் தாய்வழியில் தங்கிவிட்டது. வயலில் கண்டதும் இதுவே: முதல் அடி மக்காச்சோளத்துக்குத்தான் விழுந்தது. அதற்காக மற்றப் பயிர்களைக் கவனிக்காமல் விட்டுவிடலாம் என்று பொருளல்ல. சோளத்திலும் கரும்பிலும் இந்தப் புழுவைப் பார்த்திருக்கிறார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. இந்தியப் பூச்சிகளும் தென்னாப்பிரிக்கப் பூச்சிகளும் நெருங்கிய சொந்தம். இரண்டும் அண்மையில் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்று மரபணு காட்டியது. பிறகு பல நாட்டுப் பூச்சிகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்த ஓர் ஆய்வு 2022-இல் வந்தது. பூச்சி ஒரே தடவையில், ஒரே பாதையில் கிழக்கே வரவில்லை. பல தடவை, பல வழியாக நுழைந்திருக்கிறது என்று அது சொல்கிறது. வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது!

விவசாயிக்கு என்ன லாபம்?

பெயர் உறுதியானதும் வேலைகள் நடந்தன. அதற்கேற்ற இனக்கவர்ச்சிப் பொறி சிபாரிசு செய்யப்பட்டது. அமெரிக்காவிலேயே பல பழைய மருந்துகளுக்குப் பழகிப்போன புழு இது என்று தெரிந்ததால், கண்ட மருந்தையும் அடிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தது. வளர்ந்த புழு குருத்துக்குள் இருந்துகொண்டு எச்சத்தால் வாயை அடைத்துக்கொள்கிறது. மேலே அடித்த மருந்து உள்ளே இறங்குவதில்லை. ஊரில் மருந்து பலிக்காத மர்மம் பெரும்பாலும் இதுதான்.

ஹெப்பாள் விஞ்ஞானிகள் வயலில் இயற்கையான எதிரிகளையும் தேடினார்கள். படைப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழிக்கும் ‘டெலினோமஸ்’, ‘டிரைக்கோகிரம்மா’ என்ற கடுகினும் சிறிய குளவிகள் கர்நாடக வயல்களிலேயே கிடைத்தன. டெலினோமஸில் ஒரு வகை, புகையிலை வெட்டுப்புழுவுக்காக 1960-களில் பப்புவா நியூ கினியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எதிரி நெருங்கிய உறவுக்காரன் என்று தெரிந்ததால், அவனுக்கு வைத்த வைத்தியம் இவனுக்கும் உதவுகிறது. உறவுமுறை தெரிந்துகொள்வதில் இப்படியும் ஒரு நன்மை!

ஊருக்குப் பேசும்போது சொல்லுங்கள்

ஊரில் மக்காச்சோளம் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த முறை போன் செய்யும்போது சில விஷயங்களைச் சொல்லலாம்.

விதைப்பதற்கு முன் ஆழமாகக் கோடை உழவு போட வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் பறவைக்கும் மடியும். கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு இடுவது நல்லது. வயலைச் சுற்றித் தட்டைப்பயறு, எள், துவரை வரப்புப் பயிராக இருக்கட்டும். நன்மை செய்யும் பூச்சிகள் அங்கே தங்கும். பயிர் முளைத்த முதல் மாதம்தான் முக்கியம். இலையில் ரோமம் போர்த்திய முட்டைக் குவியல் தென்பட்டால் கையால் பறித்து நசுக்கிவிட வேண்டும். ஒரு பெண் பூச்சி தன் ஆயுளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டை இடக் கூடியது. ஒரு குவியலை அழித்தால் நூறு புழுவை அழித்தது போல. குருத்தில் மணலும் சுண்ணாம்பும் கலந்து இடுவதும் பலன் தரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. புழுவைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். நெற்றியில் தலைகீழ் ‘ஒய்’ இருக்கிறதா, வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நான்கைந்து புழுவை டப்பாவில் போட்டு, பக்கத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டச் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. தவறான மருந்துக்குக் கொடுக்கும் பணமோ, இங்கே ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம்.

பிழைக்க வந்த ஊரில் முகத்தை மட்டும் பார்த்து ‘நீ இன்னான்’ என்று பிறர் தீர்மானிப்பதன் சங்கடம் நமக்குத் தெரியாததல்ல. பூச்சி விஷயத்திலும் முகம் ஏமாற்றுகிறது. ஒரே ஒரு மரபணுச் சாட்சியும் ஏமாற்றப் பார்த்தது. இரண்டையும் விசாரித்த பிறகே உண்மை வந்தது. அடுத்த முறை ஹெப்பாள் பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்த நிறுவனத்தை ஒரு தரம் எட்டிப் பாருங்கள். நம் ஊர்க் கொல்லையை அழித்த புழுவின் பெயர் உறுதியான இடம் அது.